கன்னத்துக்குக் காற்று

என் நாத்தனாரின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கன்னம் என்று கேட்டால் வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பொம்மைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் பொம்மைகளின் கன்னத்துக்குச் சிவப்பு அடித்தவள். அந்தத் தொழிற்சாலையில் ஆளுக்கு வேலைதான் பெயர். விழி பொருத்துகிறவள் கண்ணு. தலைமுடி தைக்கிறவள் முடி. கைகால் மாட்டுகிறவள் மூட்டு. ஐம்பது வயதில் மூட்டுக்கு நிஜமாகவே மூட்டு வலி வந்து என்னிடம் தைலம் கேட்க வந்தாள். "பேரைக் காப்பாத்திட்டடி" என்று கன்னம் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது கன்னத்துக்கு இருபது வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ராத்திரி முறை, அவளுக்குப் பகல் முறை. காலையில் நான் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பை மாட்டுவாள். அந்த வேளையில் எங்களுக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். "யாராவது போனாங்களா அண்ணி?" என்பாள். "இன்னைக்கு இல்ல" என்பேன். "சரி, நான் போறேன்" என்று எழுந்து ஓடுவாள். தெருமுனையில் ஏழெட்டுப் பெண்கள் அவளுக்காகக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் காது மடலுக்குள்ளும் புருவத்திலும் ரோஜா நிறத் தூசி படிந்திருக்கும். கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினால் இரண்டு சிவப்புப் பொட்டு. முதலில் ரத்தம் என்று பயந்து விளக்குக்கு அடியில் இழுத்துப் பிடித்துப் பார்த்தவள் நான்தான். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து முகத்துக்குக் கட்டும் துணி நாலு கொண்டுவந்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அவள் வரிசையில் இருந்த நாற்பது பேருக்கும் அது வேண்டியதாகிவிட்டது. நாற்பதும் எங்கிருந்து வந்தன என்று இங்கே எழுத மாட்டேன்.

அவளிடம் நான் அந்தக் காலத்திலிருந்து கேட்டுச் சலிக்காத கதை ஒன்று உண்டு. கன்னத்துக்குச் சிவப்பு அடிக்கும் கருவி விரல் மொத்தத்தில் பேனா போல இருக்கும். அவர்கள் அதைப் பேனா என்றே சொல்வார்கள். அதன் பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய். குழாய் கூரையிலிருந்து தொங்கும் இரும்புக் குழாயில் சேரும். இரும்புக் குழாய் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போகும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர். அதைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்தார். காத்துக்காரர். பெண்கள் யாரும் அந்த அறைக்குள் போனதில்லை. காற்று என்பது சுவரிலிருந்து வருவது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

காத்துக்காரர் தினமும் காலையில் டேங்குக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். மறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் குழாய் வழியாக வந்து பேனா நுனியில் சொட்டாகத் தெறிக்கும். பொம்மையின் முகமெங்கும் சிவப்புப் புள்ளி. உடனே வரிசையில் யாராவது "அம்மை!" என்று கத்துவாள். நாற்பது பேனாவும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் காத்துக்காரர் ஓடும் சத்தம் கேட்கும். அவர் தண்ணீரை வடித்து முடிக்கும்வரை பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பேசியதுதான் பேச்சு, சிரித்ததுதான் சிரிப்பு. கல்யாணம் நிச்சயமானவள் அப்போதுதான் சொல்வாள். கர்ப்பம் தரித்தவளும் அப்போதுதான் சொல்வாள். சில மாதங்களில் அம்மை அடிக்கடி போட்டதாகவும், காத்துக்காரர் வேண்டுமென்றே மறந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. அவரைக் கேட்டால் "எனக்கு மறதி ஜாஸ்திம்மா" என்பாராம்.

தொழிற்சாலையை மூடிப் பத்து வருடம் ஆகிறது. மூடிய நாளில் மதியம் கம்ப்ரசரை நிறுத்தினார்கள். டேங்கில் மிச்சம் இருந்த காற்று நாற்பது பேனா வழியாக மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றதாம். "யாரும் கையை எடுக்கல அண்ணி. வர்ற வரைக்கும் வரட்டும்னு பிடிச்சுக்கிட்டே இருந்தோம்" என்றாள். மறுநாள் கம்ப்ரசரைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அன்றுதான் பெண்கள் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். லாரி அளவு இருந்ததாம். "இதுதானா நம்ம காத்து!" என்று முடி வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

கன்னத்தின் கணவர் போன பிறகு அவள் எங்கள் வீட்டின் பின்னறைக்கு வந்துவிட்டாள். பேனாவைத் துணியில் சுற்றி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் லேசாக வந்தது. சீக்கிரம் கவனித்ததால் தப்பித்தாள். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, வலது கையும் திரும்பியது. ஆனால் எதையாவது பிடித்தால் விரல்கள் கொஞ்சம் ஆடும்.

இந்த நிலைமையில் நான் அவளைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஞாபகம் போனவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கே பதினெட்டுப் பொம்மைகள் இருக்கின்றன. பொம்மை என்று நாம் சொல்கிறோம். அவற்றை மடியில் வைத்திருப்பவர்களுக்கு அவை பிள்ளைகள். முத்தம் கொடுத்துக் கொடுத்தும், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தும் அவற்றின் முகம் வெளுத்துவிட்டது. இல்லத்தின் பொறுப்பாளர் எனக்குப் போன் செய்து, புதிதாக வாங்கலாமா என்று யோசனை கேட்டார். நான் வேண்டாம் என்றேன். முன்பு ஒருமுறை அங்கே ஒரு அம்மாளுக்கு அப்படிப் புதுப் பொம்மையைக் கொடுத்தபோது, அவர் அதை நாற்காலியில் உட்காரவைத்து, "இது யார் வீட்டுப் பிள்ளை? அவங்க தேடுவாங்க, கொண்டுபோய் விடுங்க" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. அதனால் பழைய முகத்துக்கே வண்ணம் அடிக்கலாம், என் நாத்தனார் அடிப்பாள் என்று வாயை விட்டேன்.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னீங்களே?" என்றார் பொறுப்பாளர்.

"இப்ப நல்லாயிருக்கா."

"சரி, ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுக் காமிச்சா மீதி பதினேழையும் தர்றேன். சரியா வரலன்னா புதுசுதான்."

அவர் கொடுத்தது டிக்கெட் அம்மாவின் பொம்மை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் வாழ்நாளைக் கழித்தவர். இப்போது அறைக்குள் யார் வந்தாலும் டிக்கெட் கேட்பார். பிள்ளை எங்கே என்று அவர் தேடினால், குளிக்கப் போயிருக்கிறது என்று சொல்லும்படி பணிப்பெண்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் தொழிலில் சொல்ல வேண்டியிருந்த பொய்களில் அது சின்னது.

கன்னம் பொம்மையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்கழுத்தில் இருந்த முத்திரையைப் பார்த்தாள்.

"நம்ம ஃபேக்டரி இல்ல. நம்ம ஃபேக்டரின்னா கன்னம் போயிருக்காது."

"வியாழக்கிழமை வேணும்."

"யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க அண்ணி?"

"யாரையும் கேக்கல."

பிறகு தகர டப்பாவை எடுத்துவந்து பேனாவை வெளியே எடுத்தாள். நுனியைத் திருகிக் கழற்றி, ஊசியை உருவிப் பார்த்து, திரும்பப் பூட்டினாள். அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பேனாவின் பின்பக்கத்தை என்னிடம் காட்டினாள்.

"காத்துக்கு எங்க போறது?"

எனக்கு அதில் கவலை இருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மார்ச்சளி வந்தால் மருந்துப் புகை கொடுக்கும் மெஷின் அலமாரியில் இருந்தது. மோட்டார் காற்றை அழுத்தித் தள்ளுகிறது, காற்று மருந்தைப் புகையாக்குகிறது. அதுவும் கம்ப்ரசர்தானே? மருந்தைப் புகையாக்குவது பெயின்டைப் புகையாக்காதா? குழாயைப் பேனாவில் செருகி, ஆஸ்பத்திரி டேப்பால் சுற்றி, சுவிட்சைப் போட்டேன். மெஷின் உறுமியது. பெயின்ட் வந்தது, நின்றது, வந்தது, நின்றது. காகிதத்தில் விழுந்த கோடு தையல் போட்ட மாதிரி இருந்தது.

கன்னம் விழுந்து விழுந்து சிரித்தாள். "இது காத்தா அண்ணி? பெருமூச்சு!"

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அதுல நாளைக்கு நான் மூச்சு இழுக்கணுமா?" என்றார். மெஷினைக் கழுவி அலமாரியில் வைத்தேன்.

"பாத்தீங்கல்ல, கை சரியாத்தான் இருக்கு. காத்துதான் சரியில்ல" என்று கன்னம் இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

திங்கட்கிழமை இருவரும் கடைக்குக் கிளம்பினோம். "ரெண்டு பேரும் காத்து வாங்கவா?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் தன் சொந்த நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். சத்தம் அதிகமாக இருந்தால் உங்களுக்குத் தொந்தரவாகுமே என்று கேட்டேன். "எனக்கென்ன? காதுல இருக்கிறதைக் கழட்டி வச்சிருவேன். உன்னோட இத்தனை வருஷம் எப்படிக் குடித்தனம் பண்ணினேன்னு நினைக்கிற?" என்றார்.

அது போல்ட், நட்டு, மோட்டார், குழாய் எல்லாம் விற்கும் தெரு. கடைக்கு வெளியே நடைபாதையில் பெரிய கம்ப்ரசர்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பெரியதாகச் சிவப்பில் ஒன்று, சக்கரம் வைத்து, நூறு லிட்டர் டேங்க். கன்னம் நேராக அதனிடம் போய் டேங்கின் மீது உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பது போல.

"இதுதான் அண்ணி."

கடைக்காரர் காதில் செருகிய பென்சிலோடு வந்தார். "எதுக்கும்மா? பஞ்சர் கடையா, கார் பெயின்டா?"

"கன்னத்துக்கு" என்றாள் இவள்.

"என்னம்மா?"

"பொம்மைக்கு" என்றேன் நான். "பேனா மாதிரி ஒரு ஸ்ப்ரே கன் இருக்கு. இது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கொடுக்கும்?"

"நூறு லிட்டர்மா."

"அது டேங்க். டேங்க் எவ்வளவு பிடிக்கும்னு நான் கேக்கல. நிமிஷத்துக்கு எவ்வளவு வெளிய வரும்?"

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டார். "என்ன வேலை பாத்தீங்கம்மா?"

"ஆக்சிஜன் வச்சேன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு மட்டுமே பேசினார். கன்னத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டேன். இந்தப் பேனாவுக்கு நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டருக்கு மேல் தேவையில்லை. டேங்கே இல்லாத குட்டி மெஷின் ஒன்றைக் காட்டினார். அதில் காற்று எங்கள் அலமாரி மெஷினில் வந்தது போலவே துடித்துத் துடித்துத்தான் வரும். வேண்டாம். எண்ணெய் ஊற்றும் வகை வேண்டாம், எண்ணெய் ஆவி கலந்து வந்தால் ரப்பரில் பெயின்ட் ஒட்டாது. இருபத்துநாலு லிட்டர் டேங்க் வைத்தது ஒன்று. நல்ல மெஷின்தான், ஆனால் தண்ணீர் வடிக்க அதைச் சாய்க்க வேண்டும், எங்கள் இருவர் வயதுக்கு அது ஆகாது. கடைசியில் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை இறக்கினார். எண்ணெய் இல்லாதது, மூன்று லிட்டர் டேங்க், நிமிடத்துக்கு இருபத்துமூன்று லிட்டர். டேங்க் நிரம்பினால் தானே நிற்கும், குறைந்தால் தானே ஓடும். குழாய் கிளம்பும் இடத்தில் தண்ணீரைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் கிண்ணம். ஒரு கையால் தூக்கலாம்.

"இதைப் பாரு" என்றேன்.

"மூணு லிட்டரா? எண்ணெய் டப்பா மாதிரி இருக்கு."

"நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் ஆக்சிஜன்ல ஒரு ஆள் வருஷக்கணக்கா உயிரோட இருக்காரு, தெரியுமா?"

"அவரு மூச்சு விடறாரு அண்ணி. கன்னம் அடிக்கல."

கடைக்காரர் சிரித்துவிட்டு, நியாயமான மனிதராகையால் உண்மையைச் சொன்னார். "பெருசுக்குத் தனி வயர் இழுக்கணும்மா. எலக்ட்ரீஷியன் வந்து வீட்டைப் பாக்கணும். டெலிவரியே பத்து நாள் ஆகும்."

"பரவால்ல" என்றாள் கன்னம். "மெதுவா வரட்டும். அவசரம் இல்ல."

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வியாழக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. பத்து நாள் என்று அவர் சொன்னதும், நோயாளிக்கு ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது என்று சொன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு தெளிவு. பெரிய மெஷினாக இருந்தால் வயர் சரியில்லை என்று சொல்லலாம், எலக்ட்ரீஷியன் வரவில்லை என்று சொல்லலாம். சின்ன மெஷினை இன்று சாயங்காலமே மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம். காற்று சீராக வந்தால், சரியில்லாதது எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கடைக்காரர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். "கன் கொண்டாந்திருந்தா இப்பவே அடிச்சுப் பாருங்கம்மா."

பேனா அவள் கைப்பையில் இருந்தது. அவள் கைப்பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். நேரமாச்சு."

"சின்னதையே கட்டுங்க" என்றேன்.

பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். நாலு நிறுத்தம்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு எல்லாமே ஆஸ்பத்திரிதான் அண்ணி."

"ஆமா."

"என் கை ஆடுது. தெரியும்ல?"

"தெரியும். காப்பியில பாதி தட்டுல நிக்குது, தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சுமா அவங்ககிட்ட ஒத்துக்கிட்டீங்க?"

"வேணாம்னா சொல்லு. இறங்கினதும் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"போன் பண்ணுனீங்க, அப்புறம் தெரியும் சேதி!" என்று சீறினாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சைக்கிள் வைத்திருந்த கொட்டகையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, பழைய சாப்பாட்டு மேஜையைப் போட்டோம். தின்னர் நாற்றம் அடிக்கும் பெயின்ட் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவள் நுரையீரலுக்காகவும், நாளைக்கு அந்தக் கன்னத்தில் வாய் வைக்கப் போகிறவர்களுக்காகவும். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் வாங்கினோம். மெஷினைச் சுவிட்சில் மாட்டினேன். அழுத்தம் காட்டும் முள் ஏறியது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலில் போய் நின்றது. சத்தமும் நின்றது.

கன்னம் திடுக்கிட்டாள். "போச்சா?"

"இல்ல. நிரம்பிடுச்சு."

காற்று இருந்தும் சத்தம் இல்லாதது அவளுக்குப் புதிது. முப்பத்தெட்டு வருடமும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்த ஒன்று. கொஞ்ச நேரம் காதைச் சாய்த்து அங்கேயே நின்றாள். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தாள். விட்டு விட்டு வரவில்லை. ஒரே கோடாக வந்தது. அந்தக் கோட்டில் இருந்த நெளிவு முழுவதும் அவளுடையது. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

நான் போய் ஒரு பழைய தலையணை உறையில் மணலை நிரப்பித் தைத்துக்கொண்டு வந்து அவள் முழங்கைக்குக் கீழே வைத்தேன். கை விழுந்தவர்களுக்குக் கரண்டி பிடிக்கப் பழக்கும்போது அப்படித்தான் செய்வோம். தோளின் பாரம் மணலில் இறங்கினால் விரலில் ஆட்டம் குறையும். போய்விடாது, குறையும்.

செவ்வாயும் புதனும் அவள் கொட்டகையை விட்டு அசையவில்லை. அடிப்பாள், பார்ப்பாள், ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். நாலு தடவை துடைத்தாள். ஐந்தாவது தடவை பொம்மையின் வலது கன்னம் வந்தது. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அது போல. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத சிவப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இருபது வயதுக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். சாயங்காலம் காதில் தூசியோடு வந்து, "இன்னைக்கு எழுநூறு கன்னம் அண்ணி, முந்நூத்தம்பது பிள்ளைங்க" என்று கால் நீட்டி உட்காருவாள்.

இடது கன்னத்தில் கை ஏமாற்றிவிட்டது. ஒரு புள்ளி கீழே தள்ளி விழுந்தது. அதை மறைக்க அகலமாக்கினாள். அகலமானது வெளிறித் தெரிந்ததால் இன்னொரு பூச்சு அடித்தாள். முடிவில் அந்தக் கன்னம் மட்டும் அறை வாங்கியது போல இருந்தது.

துணியை எடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு தடவை துடைச்சா ரப்பர் மங்கிப்போகும். விடு."

"இது ரிஜெக்ட் அண்ணி. ரெண்டு கன்னமும் ஒண்ணா இல்லன்னா இன்ஸ்பெக்டர் பெட்டியில போட விடமாட்டான்."

"இன்ஸ்பெக்டர் செத்து எட்டு வருஷமாச்சு."

"அதுக்காக?" என்றாள்.

துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவள் வரமாட்டேன் என்றாள். நான் பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டு செருப்பு மாட்டினேன். தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். "நீங்க போய் ஏதாவது பொய் சொல்லுவீங்க. நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

இல்லத்தின் பெரிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாளர் துண்டை விலக்கி, பொம்மையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலது பக்கம் பார்த்து முகம் மலர்ந்தார். இடது பக்கம் திருப்பினார்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம்..."

கன்னம் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க. என் கை..." என்று தொடங்கினாள்.

"டிக்கெட்?" என்று ஒரு குரல் கேட்டது.

டிக்கெட் அம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தார். கன்னத்துக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கன்னம் பதறிப்போய்ப் பையில் கைவிட்டு, காலையில் வாங்கிய பஸ் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓரத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பொறுப்பாளரின் கையில் இருந்த பொம்மையைப் பார்த்தார். வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகில் இரண்டு தட்டு. பிறகு முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சிவந்த கன்னத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் மாறியது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று பொறுப்பாளரைப் பிடித்தார். "குளிப்பாட்டி ஒரே பக்கமாப் போட்டுத் தூங்க வச்சிருக்கீங்க. கன்னம் எப்படிச் சிவந்து கிடக்கு பாருங்க! திருப்பிப் போடத் தெரியாதா?"

பொறுப்பாளர் இருபத்தைந்து வருடமாகப் படுக்கைப் புண் வராமல் நோயாளிகளைத் திருப்பிப் போடுகிறவர். பழக்க தோஷத்தில், "இனிமே பாத்துக்கறோம்மா" என்று சொல்லிவிட்டார்.

"நீ யாரு?" என்று டிக்கெட் அம்மா கன்னத்தின் பக்கம் திரும்பினார். "நீதான் தூங்க வச்சியா?"

கன்னம் என்னைப் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "நல்லாத் தூங்குச்சு. எழுப்ப மனசு வரல."

"எழுப்ப வேணாம். திருப்பிப் போடு."

"சரிம்மா."

டிக்கெட் அம்மா பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு நாற்காலிக்குப் போனார். பணிப்பெண் கொண்டுவந்த கஞ்சியைத் தள்ளிவிடாமல் குடித்தார். பொறுப்பாளர் உள்ளே போய், மீதிப் பதினேழையும் ஒரு சலவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கன்னம், "ஒரு பக்கம் ஜாஸ்திதான் அண்ணி" என்றாள்.

"ஜாஸ்திதான்."

"அந்தம்மா ஏதோ சொன்னாங்கன்னு அது சரியாயிடாது."

"ஆகாது."

பையை அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அந்தப் பதினேழுக்கும் இரண்டு மாதம் பிடித்தது. வாரத்துக்கு இரண்டுக்கு மேல் நான் விடவில்லை. மதியம் என் வீட்டுக்காரர் காதில் இருப்பதைக் கழற்றி வைத்ததும் கொட்டகையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். முடி ஒருநாள் பார்க்க வந்து, முக்காலியில் உட்கார்ந்து, பழைய கதையெல்லாம் பேசி, காப்பி குடித்துவிட்டு, "இதுவா காத்து? இதைக் கொசு ஊதித் தள்ளிடுமே!" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினேழில் ஆறு பொம்மைக்கு இரண்டு கன்னமும் ஒன்றாக வந்ததாகக் கன்னம் ஒத்துக்கொண்டாள். என் கண்ணுக்கு எட்டு. மீதியைத் துடைத்து மறுபடி அடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தானே கொண்டுபோய் மடியில் வைத்து, "இது இடது பக்கம்தான் படுக்கும்மா", "இது வலது பக்கம், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன வாரம் பொறுப்பாளர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் அந்த அறையில் பணிப்பெண்களுக்கு ஓயாத திட்டு, மனிதர்களைத் திருப்பிப் போடும்போது பொம்மைகளையும் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது என்றார். போடட்டும். அரை நிமிட வேலை.